கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கு

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் புத்தூர் வழியாகச் செல்கிறது. புரட்டாசித் திங்களில் அச்சாலையில் அடியார்கள் கூட்டங்கூட்டமாக நடந்து செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் பலர் அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறித் திருமலையை அடைவர். இக்காலத்தில் படியேறுவோர் சிலரின் மணிக்கட்டில் திறன் கைக்கடிகாரம் இருக்கும். அது அடிகளை எண்ணும், நாடித்துடிப்பை அளக்கும், மலையுச்சியை அடைந்ததும், இத்தனை கலோரி செலவாயிற்று என்று ஓர் எண்ணைக் காட்டும். உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் அவ்வெண்ணைக் கண்டதும், "அத்தனை கலோரிக்கும் இனி உண்ணலாம்" எனக் கருதுவதுண்டு. அக்கருத்து சரிதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கலோரி என்பது ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலையே உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்கிறோம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. செலவைவிட வரவு மிகுந்தால் மிச்சம் கொழுப்பாகச் சேரும்; வரவு குறைந்தால் சேர்த்துவைத்த கொழுப்பு கரையும். எடைக் குறைப்பின் அடிப்படை இதுவே.

இனி, படியேற்றத்தின் செலவைக் கணக்கிடுவோம். திருப்பதியைவிடத் திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தம் உடலை அவ்வளவு உயரம் தூக்கிச் செல்லச் செய்யும் வேலை ஏறத்தாழ 100 கலோரிதான். ஆயினும், தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றுகின்றன. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. படியேறும்போது உடல் வியர்ப்பது அதனால்தான். ஆகவே, உயரம் ஏறுவதற்கு மட்டும் 400 முதல் 500 கலோரி செலவாகும். முன்னோக்கி நடப்பதற்கான செலவு தனி.

கடிகாரம் இவ்வாற்றலை நேரடியாக அளப்பதில்லை. நாடித்துடிப்பு, கையசைவு, நாம் பதிந்துவைத்த வயது, எடை ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுகிறது. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 60 பேரைக் கொண்டு ஏழு வகைக் கருவிகளைச் சோதித்தனர். அவற்றுள் ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுக்குள்ளான பிழையுடன் அளந்தன. ஆனால், கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைபட்டது. மிக மோசமான கருவியின் பிழை 93 விழுக்காடு! ஆகவே, கடிகாரத்தின் நாடிக் கணக்கை நம்பலாம். கலோரிக் கணக்கை அவ்வாறு நம்ப இயலாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. நாம் சும்மா அமர்ந்திருந்தாலும் மூச்சுவிடவும், இதயம் துடிக்கவும், மூளை இயங்கவும் ஆற்றல் செலவாகிறது. பெரியவர்களுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 60 கலோரி. நான்கு மணி நேரப் படியேற்றத்தில் 240 கலோரி அவ்வாறே செலவாகியிருக்கும். கருவிகள் பல இதனையும் சேர்த்தே காட்டுகின்றன. ஒருவரது கடிகாரம் 900 கலோரி எனக் காட்டுவதாகக் கொள்வோம். அது 27 விழுக்காடு கூட்டிக் காட்டியிருந்தால் உண்மைச் செலவு ஏறத்தாழ 710. அதில் 240ஐக் கழித்தால், படியேறியதால் கூடுதலாகச் செலவானது 470 மட்டுமே. கடிகாரத்தை நம்பி 900 கலோரிக்கு உண்டவர், எடை குறையவில்லையே என்று வருந்துவார். திருமலையின் ஏறத்தாழ 175 கிராம் லட்டு ஒன்றிலேயே 600 கலோரிக்குக் குறையாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உடலும் தன் செலவைச் சிக்கனப்படுத்தவல்லது. தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள் நாள்தோறும் நெடுந்தொலைவு நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்சர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல் அளவைக் கருத்திற்கொண்டு ஒப்பிட்டால், அம்மக்களின் ஒரு நாள் ஆற்றல் செலவு அமெரிக்க நகரவாசிகளின் செலவைவிட மிகுதியாக இல்லை. எனவே, உழைப்பு கூடக்கூடச் செலவும் அதே அளவில் கூடிக்கொண்டே போகும் என்று கொள்ளலாகாது.

அங்ஙனமாயின், உழைத்தபின் உண்ணவே கூடாதா? அதுவும் தவறு. கடுமையாக உழைத்தும் உணவைக் குறைத்துக்கொண்டே போனால் களைப்பு மிகும், தசை கரையும், பின்னர்ப் பசி பொங்கி அளவின்றி உண்ண நேரிடும். ஆகவே, எடை குறைக்கும் பெரியவர்கள் கடிகாரம் காட்டும் எண்ணில் ஏறத்தாழப் பாதியை மட்டும் ஈடுசெய்து, மூன்று நான்கு வாரங்கள் எடையைக் குறித்துவந்து, அதற்கேற்ப உணவைக் கூட்டியோ குறைத்தோ கொள்வது நலம்.

மாணவர்களே! இக்கணக்கு வளர்ந்தவர்களுக்கு உரியது. உங்கள் எலும்பும் தசையும் வளரும் பருவம் இது. விளையாடிவிட்டு வந்து பசித்தால் கணக்குப் பார்க்காமல் உண்ணுங்கள். எடையைப் பற்றிய கவலை இருந்தால் பெற்றோரிடம் கூறி மருத்துவரை அணுகுங்கள். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுமாறு அறிவுறுத்துகிறது. அந்த அளவை அறிய வள்ளுவர் நம் பசியையே நோக்கச் சொன்னார். கடிகாரம் அதற்குத் துணையாகலாம். அதன் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது.

சொற்பொருள்
திங்கள் – மாதம்
அலகு – அளவிடும் முறைக்கான அடிப்படை அளவு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு
அகழ்ந்து – தோண்டி

வினாக்கள்
1. படியேறும்போது உடல் வியர்ப்பது ஏன்?
2. கடிகாரம் காட்டும் கலோரி முழுவதற்கும் உண்பது ஏன் தவறாகும்? இரண்டு காரணங்கள் தருக.
3. உங்கள் வீட்டில் கடின உழைப்புச் செய்பவர் ஒருவரது ஒரு நாள் உணவைக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.