சாரதா சட்டமும் ஆறு மாத அவகாசமும்

பெண்ணின் விவாக வயதை 18-லிருந்து 21-ஆக உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் பார்லிமெண்டுக்கு வந்தது. லோக்சபையின் ஆயுள் முடியவே, 2024-ல் காலாவதியாயிற்று. அதை மீண்டும் கொண்டுவர வேண்டுமென்னும் நண்பர்கள் சாரதா சட்டத்தின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஸ்ரீ ஹர்பிலாஸ் சாரதாவின் சட்டம் 1929-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி வைஸ்ராயின் சம்மதம் பெற்றது. 14 வயது நிரம்பாத பெண்ணுக்கும் 18 நிரம்பாத பிள்ளைக்கும் விவாகம் செய்வது குற்றமென்றது. ஆனால் அமுலுக்கு வந்ததோ 1930 ஏப்ரல் 1-ந் தேதியில். இடையே ஆறு மாதம்! வைதிகர்கள் அதில் ஒரு முகூர்த்தத்தையும் வீணாக்கவில்லை. 15 வயதுக்குட்பட்ட மனைவியர் 1921 ஜனத்தொகைக் கணக்கில் சுமார் 85 லட்சம். 1931-ல் சுமார் 1 கோடியே 22 லட்சம். சட்டத்தை முந்திக்கொள்ளும் அவசரமே இதற்கு முக்கிய காரணமென்பதில் ஐயமில்லை.

அமுலுக்கு வந்த பின்னராவது பலித்ததா? போலீஸார் தாமாகத் தலையிட இயலாது; யாரேனும் ஒருவர் பிராது கொடுக்க வேண்டும். அவரிடமே 100 ரூபாய் வரை ஜாமீன் பத்திரம் கேட்கப்படும். அண்டை வீட்டுக் கலியாணத்தில் தாம்பூலம் வாங்கியவர் மறுநாள் கோர்ட்டுப் படியேறுவாரா? தண்டனை விதித்தாலும் விவாகம் செல்லுபடியாகும்! பிரிட்டிஷ் இந்தியாவுக்கு அப்பால் சட்டம் எட்டாதாகையால், பிரெஞ்சு ஏனாம் 'கலியாணபுரம்' என்று பெயரெடுத்தது.

பின்னர் எண்ணிக்கை குறைந்தது மெய். 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18-க்கு முன் மணமானவர், தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06-ல் நூற்றுக்கு 47, 2019-21-ல் 23. சட்டம் கூறும் வயதோ 1978 முதல் 18-தான். 2006-ல் சட்டம் கடுமையானதற்கும் ஓரளவு பங்குண்டு. ஆயினும் அதே சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 13 ஆகவும், பீகாரிலும் மேற்கு வங்காளத்திலும் 40-க்கு மேலாகவும் இருப்பானேன்? ஊருக்கருகே உயர்தரப் பாடசாலையும், அதற்குச் செல்லப் பஸ்ஸும் உள்ள இடத்தில் தகப்பனார் நாலு வருஷம் பொறுக்கிறார். இல்லாத இடத்தில் ஜோஸ்யரைத் தேடுகிறார்.

வயதை உயர்த்துவதற்கு நாம் விரோதிகளல்லர். ஆனால் 2021 மசோதாவின் வாசகத்தைப் படித்தோர் ஒன்று கவனித்திருப்பர்: சம்மதம் கிடைத்த பின் 21 வயது விதி அமுலாவதற்கு அதில் வைத்திருந்த அவகாசம் இரண்டு வருஷம்.