தண்ணீரைத் தொட்டால் தோல்வி

சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதற்குள் ஒரு பெரிய படகே நுழைந்து போகும் என்பதை நியூசிலாந்துக்காரர்கள் 2012இல் காட்டினார்கள்.

1851 முதல் நடந்துவரும் அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டிக்கு அப்போது புது விதிகள் எழுதப்பட்டிருந்தன. ஏசி72 என்ற கேட்டமரன் படகில்தான் எல்லோரும் ஓட வேண்டும். 22 மீட்டர் நீளம், ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவே வலை, துணிப் பாய்க்குப் பதிலாக விமானச் சிறகைச் செங்குத்தாக நட்டுவைத்த மாதிரி 40 மீட்டர் உயரச் சிறகு. இவ்வளவு பெரிய படகு தண்ணீரைவிட்டு மேலே எழும்பிவிடக் கூடாது என்று விதி எழுதியவர்கள் முன்ஜாக்கிரதையாகவே இருந்தார்கள். நீருக்குள் இறங்கும் பலகைகளிலும் சுக்கான்களிலும் ஓட்டத்தின் நடுவே அசைத்துத் திருத்தும் மடல்கள் கூடாது என்றார்கள். அவை இல்லாமல் பறந்தால் நிலையாக நிற்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. நியூசிலாந்து அணியின் வடிவமைப்பாளர்கள் மடலை விட்டுவிட்டுப் பலகையையே ‘எல்’ வடிவத்தில் வளைத்தார்கள். அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆக்லாந்தை ஒட்டிய ஹவுராகி வளைகுடாவில் சுமார் 6 டன் எடையுள்ள அந்தப் படகு, இரண்டு உடல்களும் வானத்தில் தெரிய, ஆடாமல் பறந்தது.

அன்றிலிருந்து பாய்மரப் பந்தயத்தின் இலக்கணமே வேறாகிவிட்டது. படகு தண்ணீரில் ஓடுகிறதா என்பது போய், எவ்வளவு நேரம் தண்ணீரைத் தொடாமல் இருக்கிறது என்பதே கேள்வியாகிவிட்டது.

நீருக்கடியில் சிறகு வைக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. இத்தாலியின் என்ரிகோ ஃபோர்லானினி 1906இலேயே மாஜியோரே ஏரியில் அப்படி ஒரு விசைப்படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசியால் பெயர் பெற்ற கிரகாம் பெல், 1919இல் தம் குழுவினர் கட்டிய எச்டி-4 படகின் மூலம் மணிக்கு 114 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அவையெல்லாம் இன்ஜின் வைத்தவை. காற்றை மட்டும் நம்பி ஓடும் பந்தயப் படகில் இதை நிலையாகச் சாதிக்க, கையால் தூக்கிவிடக்கூடிய எடையில் கார்பன் இழைப் பாகங்கள் வர வேண்டியிருந்தது. ‘மாத்’ என்ற சிறு படகுக்காரர்கள் ஒற்றை ஆளாகப் பல ஆண்டுகள் தலைகுப்புற விழுந்து கற்றுக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

இதன் சூத்திரம் எளிதுதான். நீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு. ஆகவே விமானத்துக்குத் தேவைப்படும் பிரம்மாண்டச் சிறகு நீருக்குள் தேவையில்லை. ஒரு மனிதனின் உயரத்துக்குள் அடங்கும் சிறகே டன் கணக்கான எடையைத் தூக்கிவிடும். படகின் உடல் நீரைவிட்டு எழுந்ததும் உராய்வு சட்டென்று விழுந்துவிடுகிறது, வேகம் எகிறுகிறது. அடுத்து நடப்பதுதான் கேட்பவரைக் குழப்பும். காற்றே அசையாத நாளிலும் பைக்கில் வேகமாகப் போகிறவரின் சட்டை படபடக்கும் அல்லவா? அந்த மாதிரி, படகு வேகம் எடுக்க எடுக்கத் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வீசும் காற்றும் இந்தக் காற்றும் சேர்ந்துதான் பாயில் மோதுகின்றன. வீசுகிற காற்றைவிட மூன்று மடங்குக்கும் அதிக வேகத்தில் படகு போவது இப்படித்தான். காற்று பின்னாலிருந்து வந்தாலும் படகிலிருப்பவர் முகத்தில் எதிர்க்காற்றுதான் அறையும்.

ஆனால் 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கி.மீ. வேகத்தை நெருங்கும்போது நீர் ஒரு சுவரை எழுப்புகிறது. நீர்ச்சிறகின் மேற்பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு குறைந்துபோவதால் குளிர்ந்த கடல்நீர் அங்கேயே கொதித்து ஆவிக் குமிழாகிவிடும். குமிழ் வந்துவிட்டால் தூக்கும் விசை போய்விடும். படகு தொப்பென்று விழும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறகின் நுனி நீர்மட்டத்துக்கு மேல் எட்டிப்பார்த்தால் காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு அதே கதைதான். ஆகவே ரொம்ப உயரமும் கூடாது, ரொம்பத் தாழ்வும் கூடாது. ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவிலான அந்தக் குறுகிய இடைவெளிக்குள் படகைப் பிடித்துவைப்பதே ஆட்டம்.

இந்த ராட்சதப் படகுகளுக்கு முதல் பெரிய விலை 2013 மே 9 அன்று கொடுக்கப்பட்டது. ஸ்வீடனின் ஆர்ட்டெமிஸ் அணிப் படகு சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் பயிற்சியின்போது கவிழ்ந்து உடைந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் ஆண்ட்ரூ சிம்ப்சன் படகுக்கடியில் சிக்கி உயிரிழந்தார். அதன்பின் பந்தயம் நடத்தக்கூடிய காற்றின் வரம்பு குறைக்கப்பட்டது. இன்று இந்த வகைப் படகில் ஏறுகிறவர்கள் தலைக்கவசமும், மார்புக்கவசமும், மூச்சுக்காற்று நிரப்பிய சிறு உருளையும் இல்லாமல் ஏறுவதில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் அதே விரிகுடாவில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலில் 9 புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை. நியூசிலாந்து 8, ஆரக்கிள் அமெரிக்க அணி 1. முந்தைய தொடரில் சிறிய படகுகளில் விதிமீறி எடை வைத்ததற்காக ஆரக்கிளுக்கு விதித்த 2 புள்ளி அபராதத்தைக் கழித்த கணக்கு இது. நியூசிலாந்து ஒரே ஒரு ஓட்டம் வென்றால் போதும். செப்டம்பர் 20 அன்று அது வென்றே விட்டது என்று சொல்லலாம். வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அன்று காற்று மெல்ல வீசியது. 40 நிமிட வரம்பு முடிந்துவிட்டதால் ஓட்டமே செல்லாது என்று நடுவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஆரக்கிள் அணி இரவோடு இரவாகப் படகைத் திருத்தி, எதிர்க்காற்றிலும் பறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஜிம்மி ஸ்பிட்ஹில் தலைமையில் தொடர்ந்து எட்டு ஓட்டங்களை வென்று 9-8 என்று கோப்பையைத் தட்டிச் சென்றது. பறக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் ஒருவர், அதை வைத்து ஜெயித்தவர் வேறொருவர்.

நியூசிலாந்து கணக்குத் தீர்க்க நான்கு ஆண்டுகள் பிடித்தது. 2017இல் பெர்முடாவில் மற்ற அணிகள் ஹைட்ராலிக் அழுத்தத்துக்குக் கைகளால் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, இவர்கள் சைக்கிள் மிதிகளைப் பொருத்தினார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயத்தில் வெண்கலம் வென்ற சைமன் வான் வெல்தோவனையும் படகில் ஏற்றினார்கள். கையைவிடக் கால் வலிமையானது என்பதைக் கண்டுபிடிக்கக் கோடிகளைக் கொட்டிய விளையாட்டுக்கு இத்தனை காலம் ஆனது வேடிக்கைதான். 26 வயது பீட்டர் பர்லிங் சுக்கான் பிடிக்க, 7-1 என்று வெற்றி.

வென்றவர் விதியை எழுதலாம் என்பது அந்தக் கோப்பையின் வழக்கம். நியூசிலாந்து அடுத்த தொடருக்கு ஒற்றை உடல் படகைத் தேர்ந்தெடுத்தது. பெர்முடாவில் ஓடிய 50 அடி கேட்டமரன்கள் திடீரென்று வேலையில்லாமல் நின்றன. அவற்றைக் கொண்டு ஒரு தொடரை நடத்தலாம் என்று கிளம்பியவர்கள் ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசனும், நியூசிலாந்தின் பழைய கோப்பை வீரர் ரசல் கூட்ஸும். செயில்ஜிபி என்ற பெயரில் 2019 பிப்ரவரியில் சிட்னியில் முதல் ஓட்டம் நடந்தது. ஆறு நாடுகள், ஐந்து ஊர்கள், பரிசு 10 லட்சம் டாலர்.

கார் பந்தயத்தின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்ட தொடர் இது. ஆனால் ஒரு விஷயத்தில் நேர் எதிர். கார் பந்தயத்திலும் அமெரிக்கா கோப்பையிலும் ரகசியம்தான் மூலதனம். இங்கே எஃப்50 என்ற ஒரே வடிவப் படகு. அதைத் தொடர் அமைப்பே கட்டிக் கொடுக்கிறது. ஒரு படகிலிருந்து சேகரிக்கப்படும் தகவல்கள் எல்லா அணிகளுக்கும் திறந்திருக்கும். எதிரணி எந்தக் கோணத்தில் சிறகை வைத்தது, எந்த நொடியில் திரும்பியது என்று சாயங்காலமே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். தோற்றவர் படகைக் குறை சொல்லித் தப்ப வழியில்லை. பணம் பேசும் விளையாட்டில் இது ஒரு நல்ல ஏற்பாடு.

எஃப்50 சுமார் 15 மீட்டர் நீளம், 8.8 மீட்டர் அகலம், எடை 2,400 கிலோ அளவில். சிறகுப் பாயைச் சுருட்டி வைக்க முடியாது. ஆகவே காற்றுக்கு ஏற்பக் காலையிலேயே பெரியது, நடுத்தரம், சிறியது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கிரேன் வைத்து ஏற்றுவார்கள். 18 மீட்டர், 24 மீட்டர் சிறகுகள் உண்டு, காற்று குறைந்த நாளுக்கு அதைவிடப் பெரியதும் உண்டு. நல்ல காற்றில் ஆறு பேர் ஏறுவார்கள். ஓட்டுநர் சக்கரத்தைப் பிடிப்பார். சிறகுப் பாயின் வளைவைக் கவனிக்க ஒருவர், அதற்குக் கைவலு கொடுக்க இருவர், எதிரணிகளையும் காற்றையும் பார்த்து வழி சொல்ல ஒருவர். ஆறாமவர் ‘ஃப்ளைட் கன்ட்ரோலர்’. பெயரே சொல்கிறது: படகு எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பது இவர் கையில். படகு திசை திரும்பும் சில நொடிகளில் எல்லோரும் வலையின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நீர்ச்சிறகு இறங்கி, மற்றது ஏற வேண்டும். இந்த மாற்றத்தில் உடல் ஒருமுறை தண்ணீரைத் தொட்டுவிட்டால் மீண்டும் எழுவதற்குள் நாலைந்து படகுகள் தாண்டிப் போயிருக்கும்.

ஓட்டம் ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கரையை ஒட்டியே. இரண்டு நாள் புள்ளிகளில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் கடைசி ஓட்டத்தில் மோதுவார்கள். கடலில் வரைந்த கோடுகள் மாதிரி டிவி திரையில் எல்லையும் தூரமும் தெரியும். 2013 கோப்பைக்காக உருவான தொழில்நுட்பத்தின் தொடர்ச்சி அது. நடுவர்கள் கடலில்கூட இருப்பதில்லை. சிட்னியில் மோதினாலும் நியூயார்க்கில் மோதினாலும், லண்டனில் ஒரு அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தண்டனை சொல்கிறார்கள்.

மோதல்களுக்குக் குறைவில்லை. 2021 டிசம்பரில் சிட்னியில் பென் ஐன்ஸ்லி ஓட்டிய பிரிட்டன் படகு ஜப்பான் படகின் முன்பகுதியையே வெட்டி எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் சான் ட்ரோபேயில் நியூசிலாந்தின் சிறகுப் பாய் பொடிப்பொடியாகச் சரிந்தது. 2025 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆஸ்திரேலியாவுக்கு அதே கதி. சிறகுகளைச் சோதித்துப் பார்த்ததில் உள்ளே ஒட்டுக் குறைபாடு தெரியவர, ரியோ டி ஜெனிரோவில் நடக்க இருந்த சுற்றையே ரத்து செய்தார்கள். நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தில் 2024 மார்ச்சில் ஒரு நாள் ஓட்டம் நின்றதற்குக் காரணம் வேறு. அரிய வகை ஹெக்டர் டால்ஃபின் ஒன்று பந்தயப் பாதைக்குள் வந்துவிட்டது. 90 கி.மீ. வேகத்தில் நீருக்குள் வரும் சிறகு அதற்குக் கத்திதான். கூட்ஸ் கோபத்தில் நியூசிலாந்தின் கட்டுப்பாடுகளைத் தாக்கிப் பேசினார். சூழல் ஆர்வலர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் டால்ஃபின் பக்கம்தான் நியாயம்.

வேகச் சுவரும் நகர்ந்துகொண்டே போகிறது. 2022இல் சான் ட்ரோபேயில் பிரான்ஸ் அணி 99.94 கி.மீ. வரை வந்து, 100ஐத் தொட முடியாமல் நின்றது. 2025 தொடக்கத்தில் டைட்டானியத்தில் செய்த ‘டி’ வடிவ நீர்ச்சிறகுகள் வந்தன. அந்த ஆகஸ்டில் ஜெர்மனியின் சாஸ்நிட்ஸில் டென்மார்க் அணி 103.93 கி.மீ. வேகத்தை எட்டியது.

முதல் மூன்று பருவங்களிலும் பட்டம் டாம் ஸ்லிங்ஸ்பியின் ஆஸ்திரேலியாவுக்கே. பரிசு 20 லட்சம் டாலராக உயர்ந்த 2024இல் ஸ்பெயின் அவர்களைக் கவிழ்த்தது. ஓட்டுநர் டியேகோ போட்டின் சில வாரங்களிலேயே பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். 2025 நவம்பரில் அபுதாபியில் டிலன் ஃப்ளெச்சரின் பிரிட்டன் பட்டம் வென்றது. பணக்காரர்களும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய அணியில் ஹாலிவுட்டின் ஹியூ ஜாக்மனும் ரயன் ரெனால்ட்ஸும், பிரெஞ்சு அணியில் கால்பந்து வீரர் எம்பாப்பேயும் பணம் போட்டிருக்கிறார்கள்.

பெண்கள் ஓட்டுநர் இருக்கைக்கு வர மட்டும் ஐந்தாவது பருவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கும் பிரேசிலின் மார்டினே கிரேல்தான் முதல் பெண் ஓட்டுநர். 2025 ஜூனில் நியூயார்க்கில் ஓர் ஓட்டத்தையும் வென்றார்.

இந்த ஓட்டுநர்களில் பலர் வந்த வழி ஒன்றுதான்: ‘ஃபார்ட்டிநைனர்’ என்ற இருவர் படகு. அதில் நீர்ச்சிறகு கிடையாது. ஆனால் இருவரும் படகுக்கு வெளியே கம்பியில் தொங்கியபடி நொடிக்கு நொடி எடையை மாற்ற வேண்டும். ஒரு கணம் கவனம் சிதறினால் கவிழ்ந்துவிடும். எஃப்50க்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக 2021இல் எனோஷிமாவில் நடந்த ஃபார்ட்டிநைனர் போட்டியில் தங்கம் ஃப்ளெச்சர் ஜோடிக்கு, வெள்ளி பர்லிங் ஜோடிக்கு, வெண்கலம் ஜெர்மனியின் எரிக் ஹெய்ல் ஜோடிக்கு, நான்காம் இடம் போட்டின் ஜோடிக்கு. நால்வருமே செயில்ஜிபியில் படகு ஓட்டியவர்கள். அதே தொடக்கக் கோட்டில் சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தக்கரும் நின்றார்கள். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற ஜோடி இது. எனோஷிமாவில் 19 படகுகளில் 17ஆம் இடம் பெற்றது.

செயில்ஜிபி தொடங்கியபோது ஜப்பானும் சீனாவும் இருந்தன. சீனா முதல் பருவத்தோடும் ஜப்பான் மூன்றாம் பருவத்தோடும் விலகிவிட்டன. ஸ்வீடன் புதிதாகச் சேர்ந்திருக்கும் 2026 பருவத்தில் மொத்தம் 13 அணிகள். ஆசிய அணி ஒன்றுகூட இல்லை.