மாநிலத்தின் நாடி

நுழையும்முன்
தனிமனிதரின் உடல்நிலையை மருத்துவர் நாடி பார்த்து அறிகிறார். கோடிக்கணக்கானோர் வாழும் ஒரு மாநிலத்தின் உடல்நலம் எவ்வாறு அறியப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வாசல்தேடிச் செல்லும் கணக்கு
திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர் உவரி. மீன்பிடித்தொழிலை நம்பி வாழ்வோர் நிறைந்த ஊர் அது. அவ்வூராரின் உடல்நலத்தை அறிய மருத்துவமனைப் பதிவேடே போதும் எனத் தோன்றலாம். ஆனால், அப்பதிவேடு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே காட்டும். இரத்தசோகையை வெறும் களைப்பென்று எண்ணி வீட்டிலிருக்கும் பெண்ணும், உயர் இரத்த அழுத்தம் இருப்பதை அறியாமல் கடலுக்குச் செல்பவரும் அதில் இடம்பெறுவதில்லை. ஆகவே, கணக்கெடுப்போர் மக்களின் வாசலுக்கே செல்ல வேண்டியுள்ளது.

எல்லா வீடுகளுக்கும் செல்வது இயலாது. எனவே, மாதிரிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இம்முறையைப் பின்பற்றுகிறது. அதன் ஐந்தாம் சுற்றில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியிலும் 22 வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. வினாக்கள் கேட்பதோடு உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியனவும் அளக்கப்பட்டன. விரல்நுனிக் குருதியில் ஹீமோகுளோபின் கணக்கிடப்பட்டது.

இருமுறை எழுதப்படும் ஏடு
ஓராண்டில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறையுமுன் இறப்போர் எத்தனை பேர் என்பதே குழந்தை இறப்பு வீதம். மாதிரிப் பதிவு முறையின்படி 2020இல் இது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இம்முறையில் பிறப்பு, இறப்புகளை உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் தொடர்ந்து குறித்துவருவார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியே விசாரித்து மற்றொரு பட்டியல் எழுதுவார். இரண்டும் ஒப்பிடப்பட்டு, பொருந்தாதவை மீண்டும் சரிபார்க்கப்படும். ஒரு குழந்தையின் இறப்பு ஏட்டில் ஏறாவிடில், அதன் காரணமும் களையப்படாமற் போகும் என்பதாலேயே இத்துணைக் கவனம்.

ஓர் எண் போதுமா?
ஐந்தாம் சுற்றுக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. இது பெருஞ்சாதனை. ஆயினும் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது, 40.4 விழுக்காட்டினர் மிகை எடையுடன் இருந்தனர். வயிறு நிறைவது வேறு, ஊட்டம் பெறுவது வேறு என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. பல அளவுகோல்களைச் சேர்த்துப் பார்த்தாலன்றி முழுநிலை விளங்காது.

சராசரிக்குள் மறையும் ஊர்
2015-16 முதல் எல்லா மாவட்டங்களுக்கும் தனித்தனி முடிவுகள் வெளியிடப்படுகின்றன. எனினும், தாமிரபரணிக் கரையின் வயலூர்களும் உவரி போன்ற கடலோர ஊர்களும் ஒரே மாவட்டச் சராசரியில் கலந்துவிடுகின்றன. அச்சராசரி உயர்ந்ததாலேயே ஒவ்வோர் ஊரும் நலமடைந்ததாகக் கொள்ளலாகாது. ஊரின் உண்மைநிலையை அறியக் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு துணைசெய்கிறது. 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கண்டறிகிறது.

மாநிலத்தின் உடல்நலம் தலைநகரில் கணக்கிடப்படலாம். அக்கணக்கு மெய்யாவது, கடைக்கோடி வீட்டின் கதவு தட்டப்பட்டு, அங்குள்ளோர் நிலை உள்ளவாறு எழுதப்படும்போதுதான்.