இரும்பு மண்ணிலே, சோகை இலையிலே! தெரியுமா?

பூமியின் மேலோட்டில் எடைக்கு நூற்றுக்கு 5 பங்கு இரும்பு! அதன் மேலேயே நிற்கும் சோயா மொச்சைக்கு இரும்புப் பஞ்சம் வரும், தெரியுமா? துளிர் இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாய் நிற்கும். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. நுனியிலை மஞ்சளானால் பெரும்பாலும் இரும்பு. ஆள் மாற்றி யூரியா வீசினால் மஞ்சள் கூடத்தான் செய்யும்!

குற்றவாளி, சுண்ணாம்பு. மண்ணின் பி.எச். ஒரே ஒரு எண் ஏறினால் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்! அன்னபேதி எனும் இரும்பு உப்பை அந்த மண்ணில் கொட்டினால் துருவாகி முடங்கும். இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். 1840-களிலேயே பிரான்சில் இதைக் கண்டுவிட்டார்கள்.

ஆனால் தெளிப்பானைத் தூக்குமுன், விதைக்கும்போதே பாதி வேலையை முடிக்கலாம், தெரியுமா? சோயா வேர் அமிலம் கசிந்து இரும்பைக் கரைக்கும். ஒற்றைச் செடியின் கசிவு சுண்ணாம்புக்கு முன் எடுபடாது. வரிசைக்குள் விதையை நெருக்கிப் போட்டால்? பக்கத்துச் செடிகளின் அமிலமும் சேரும், எல்லாருக்கும் இரும்பு! அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டக்கோட்டா பக்கம் இதைச் சிபாரிசே செய்கிறார்கள். சிலர் கூடவே ஓட்ஸ் விதைத்து, அது மண்ணின் உபரி நைட்ரேட்டையும் ஈரத்தையும் உறிஞ்சியதும் களைக்கொல்லியால் முடித்துவிடுகிறார்கள். பாவம் ஓட்ஸ்!

இன்னொன்று கேளுங்கள். மஞ்சள் பாரித்த வயலில் டிராக்டர் சக்கரம் போன தடத்தில் மட்டும் செடிகள் பச்சைப்பசேல்! இறுகிய மண்ணில் நைட்ரேட் குறைவு என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

நம்மூர்ப் பக்கம்? ஹைதராபாத் நகரின் ஒரு கோடிக்குப் போனால் பட்டான்செரு. 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். செம்மண்ணும் கரிசலும் ஒரே வளாகத்தில்! கரிசலில் மழைநீர் தேங்கினால் வேர் விடும் கரியமில வாயு வெளியேறாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டாகி, வேரின் அமிலத்தையே விழுங்கிவிடும். இங்கே உருவான அகலப்பாத்தி முறையில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு மேட்டுப்பாத்தியும் சாலும். தேங்கும் நீர் சாலில் வடிந்துவிடும். நீர் தேங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வேருக்கு மூச்சும் கிடைக்கிறது.

நம் நிலக்கடலைக்கும் இதே வியாதி உண்டு. சீனாவில் பக்கத்தில் மக்காச்சோளம் நட்டுப் பார்த்தார்கள். மக்காச்சோள வேர் இரும்பைப் பிடித்திழுக்கும் பொருளைக் கசிய, கடலையும் பச்சையானது!

கடைசியாக ஒரு கொசுறு. சோயாவின் வேர் முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள், உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தைப் போலவே இரும்பு கோத்த புரதம் அது. அதையே ஈஸ்ட்டில் வளர்த்து, இறைச்சியில்லாத பர்கரில் கலந்து மாட்டிறைச்சி வாசனை வரவழைத்து 2016 முதல் அமெரிக்காவில் விற்கிறார்கள்!