மங்கோலிய ஜெர்பில் வளர்ப்பு

மங்கோலிய ஜெர்பில் என்பது ஜெர்பிலினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறிய கொறிணி ஆகும். இது மங்கோலியா, வட சீனா ஆகியவற்றின் வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்கிறது. தமிழக வயல்களில் வெள்ளெலி எனப்படும் எலியும் இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்ததாகும். ஜெர்பில் தனிமையைத் தாங்காது. அதேசமயம் அறிமுகமற்ற ஜெர்பிலைத் தன் இடத்தில் பொறுத்துக்கொள்ளாது. இவ்விரு இயல்புகளையும் அறியாமல் வளர்த்தால் அது உயிரிழப்பில் முடியக்கூடும்.

வரலாறு

1866 இல் பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் வட சீனாவிலிருந்து சில ஜெர்பில்களைப் பாரிசுக்கு அனுப்பினார். 1935 இல் அமூர் ஆற்றுப் பகுதியில் பிடிக்கப்பட்ட 20 இணைகள் ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றின் வழிவந்த 11 இணைகள் 1954 இல் அமெரிக்க ஆய்வகங்களுக்காக இறக்குமதி செய்யப்பட்டன. பின்னர் இவை செல்லப்பிராணிகளாகவும் பரவின. கலிபோர்னியா மாநிலத்தில் இவற்றை வளர்ப்பதற்குத் தடை உள்ளது.

சமூக இயல்பு

இயற்கையில் ஒரு பெற்றோர் இணையும் அவற்றின் குட்டிகளும் ஒரே வளையில் குடும்பமாக வாழ்கின்றன. வளை தோண்டுதல், உணவு சேமித்தல், குட்டிகளைப் பேணுதல் ஆகியவற்றில் பல உறுப்பினர்களும் பங்கேற்கின்றன. ஆபத்தை உணர்ந்தால் பின்னங்கால்களால் தரையைத் தட்டி மற்றவற்றை எச்சரிக்கின்றன.

ஜெர்பில்கள் தம் குடும்பத்தை மணத்தைக் கொண்டே அறிகின்றன. வயிற்றுப் பகுதியில் உள்ள மணச்சுரப்பியைத் தேய்த்துத் தம் எல்லையையும் குறிக்கின்றன. வேறு மணமுடைய ஜெர்பில் உள்ளே வந்தால் அதைத் தாக்கும், கொல்லவும் கூடும். கூடப்பிறந்தவையே ஆனாலும் சில நாட்கள் பிரித்து வைத்தால் அந்நியமாகிவிடும். எனவே ஒன்றுக்கு உடல்நலம் குன்றினாலும் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் கொண்டுசெல்வது நல்லது.

சிரிய ஹாம்ஸ்டர் இதற்கு நேர்மாறானது. வளர்ந்தபின் அது தனித்தே வாழ வேண்டும். இரண்டையும் ஒன்றுபோல் கருதி ஜெர்பிலைத் தனியே வைப்பது தவறு. ஒரே ஈற்றில் பிறந்த, ஒரே பாலின இணையை வாங்குவதே ஏற்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால், குட்டி ஈன்றவுடனேயே மீண்டும் கருவுறும். கருக்காலம் ஏறத்தாழ 25 நாட்களே.

புதிய துணையைச் சேர்த்தல்

துணையை இழந்த ஜெர்பிலுக்குப் புதிய துணையை நேரடியாகக் கூண்டில் விடக் கூடாது. அதற்குரிய முறை வருமாறு:

1. ஒரு தொட்டியை நடுவில் கம்பிவலையால் தடுத்து, இரு பக்கமும் ஒவ்வொன்றை விட வேண்டும்.
2. நாள்தோறும் சில முறை அவற்றைப் பக்கம் மாற்ற வேண்டும். ஒன்றன் மணம் மற்றதற்குப் பழகும்.
3. ஒரு வாரமோ அதற்கு மேலோ சென்றபின், வலையருகே அமைதியாக அடுத்தடுத்துப் படுத்தால் தடுப்பை நீக்கிப் பல மணி நேரம் அருகிலிருந்து கண்காணிக்க வேண்டும்.

ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதும் ஒன்றாக உறங்குவதும் நல்ல அறிகுறிகள். இரண்டும் பந்துபோல் உருண்டு கடித்தால் உடனே பிரிக்க வேண்டும். அப்போது தடித்த கையுறை அவசியம்.

கூண்டும் உணவும்

தோண்டுவதற்கு ஏற்ப 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு வைக்கோலும் காகிதத்தூளும் நிரப்பிய கண்ணாடித் தொட்டி சிறந்தது. ஞெகிழிக் கூண்டைக் கடித்துத் துளைத்துவிடும். தானியங்களும் சிறிது காய்கறியும் உணவாகும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி என்பதால் குறைவாகவே தர வேண்டும். குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும்.

வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாலின் தோல் உரிந்து வந்துவிடும். அது மீண்டும் வளராது. இரு கைகளையும் குவித்தே எடுக்க வேண்டும். இது பொதுவாக 3 முதல் 4 ஆண்டுகள் வரை வாழும்.