எந்த ஊரு, எந்தத் தெரு?

பிறந்த குழந்தை அழவில்லை. பால் குடிக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. குருகூரில் காரியாருக்கும் உடையநங்கைக்கும் பிறந்த பிள்ளையைப் பற்றி வைணவ மரபு சொல்லும் கதை இது. பெற்றவர்கள் ஆதிநாதர் கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள். குழந்தை அங்கிருந்த புளியமரத்துப் பொந்தில் போய் உட்கார்ந்தது. 16 ஆண்டுகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த 16 ஆண்டும் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதைக் கதை விரித்துச் சொல்வதில்லை. நமக்குத் தெரியாதா என்ன? பிறவி ஊமை, காதும் கேக்காது போல, புத்தி மட்டு, பெத்தவங்க செஞ்ச பாவம். கையில் இருந்த தகவல் ஒன்றுதான்: பையன் பேசவில்லை. அதிலிருந்து முடிவுகள் நாலு.

பக்கத்துத் திருக்கோளூரிலிருந்து வடக்கே யாத்திரை போயிருந்த மதுரகவி திரும்பி வருகிறார். படித்தவர், வயதில் மூத்தவர், பிராமணர். பொந்தில் இருப்பவனோ வேளாளர் வீட்டுப் பிள்ளை. மதுரகவி ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் போட்டார். பையன் கண் திறந்தான். காது கேட்கிறது! அடுத்து, உயிரையும் உடலையும் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு வந்த பதிலைக் கேட்டு அந்த இடத்திலேயே சீடராகிவிட்டார். அந்தப் பையன்தான் நம்மாழ்வார். ஊருக்கும் அவரால் ஆழ்வார்திருநகரி என்று பெயர். மதுரகவி பாடிய பதினோரு பாசுரங்களும் பெருமாளைப் பற்றியவை அல்ல, இந்தப் பையனைப் பற்றியவை. பிறப்பால் தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் எப்படிக் குருவாகலாம் என்ற கேள்விக்குப் பிற்கால ஆசாரியர்கள் பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டியிருந்தது. ‘ஆசார்ய ஹ்ருதயம்’ அதில் முக்கியமானது.

இதெல்லாம் நடந்ததா என்ற விசாரணை இங்கே வேண்டாம். என் கவனம் அந்தக் கல்லின் மேல். ஊரே பதில் சொல்லி முடித்துவிட்ட ஒரு விஷயத்தில் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். மனித மூளை தானாகச் செய்யும் காரியமல்ல அது.

தானாகச் செய்வது என்னவென்று பிரின்ஸ்டனில் ஜானின் வில்லிசும் அலெக்சாண்டர் தோதோரோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அறிமுகமில்லாத முகங்களின் படங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். யாரும் ‘எப்படிச் சொல்ல முடியும்?’ என்று விழிக்கவில்லை, சொல்லிவிட்டார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் படத்தைப் பார்த்தவர்களின் தீர்ப்போடு அது பெரும்பாலும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கிடைத்தால் தீர்ப்பு மாறுவதைவிட, சொன்னதில் நம்பிக்கை ஏறுவதுதான் அதிகம்.

மூளையைக் குறை சொல்லியும் பயனில்லை. சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். இரண்டு காய் முற்றலென்றால் அந்தக் கூடையை விட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒவ்வொரு காயையும் ஒடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்குச் சாம்பார் கிடையாது. தெரிந்த கொஞ்சத்தை வைத்துத் தெரியாத மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தால்தான் பொழுது ஓடுகிறது. மனிதரிடம் வரும்போது அந்த மிச்சத்தை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் வினை இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் அதற்கென்றே சில கேள்விகள் உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. வடக்கே பெயரைக் கேட்டாலே பாதி விவரம் வந்துவிடும். இங்கே வராது. அதனால் நாம் சுற்றி வளைக்கக் கற்றுக்கொண்டோம். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆரம்பிப்பார்.

“தம்பிக்கு எந்தூரு?”

“திருநகரி, அண்ணாச்சி.”

“திருநகரியில எங்கன?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்னா... எந்தத் தெரு?”

தெருவிலும் பிடி கிடைக்காவிட்டால் கடைசி அஸ்திரம்: “பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாத்தா கோயிலுக்குப் போவீக?” திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாத்தா உண்டு. கோயில் தெரிந்தால் கும்பிடும் கூட்டம் தெரியும், கூட்டம் தெரிந்தால் மீதியும் தெரியும். கேட்பவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, உறவுமுறை கண்டுபிடிக்கக்கூடக் கேட்டிருக்கலாம். பதில் வந்ததும் சில சமயம் முகம் மலர்ந்து சாம்பார் வாளியைக் கூப்பிடுவார். சில சமயம் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடுவார். மூளை தன் கட்டத்தை நிரப்பிக்கொண்டுவிட்டது.

பந்தியில் நடப்பதை அளக்க முடியாது, அலுவலகத்தில் நடப்பதை அளக்கலாம். சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் இருவரும் ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 2007-இல் முடிவுகள் வந்தன. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். நேர்முகத்துக்கு அழைப்பு வரும் சாத்தியம் உயர்சாதிப் பெயருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. கடிதங்களைப் பிரித்துப் படித்த அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்டால், நான் தகுதியை மட்டும்தான் பார்த்தேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதை மனதார நம்பியும் சொல்லியிருப்பார்கள்.

என்னை இதைவிட அதிகம் யோசிக்க வைத்தது ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் செய்த சோதனை. இந்திய நகரம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பரிசுத் தேர்வு வைத்து, விடைத்தாள்களை ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். முகப்பில் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி. இந்த விவரங்கள் உண்மையில் எழுதிய பிள்ளையுடையவை அல்ல. ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் ஒட்டியவை. ஆகவே ஒரே தாள் ஒரு ஆசிரியர் கையில் உயர்சாதிப் பிள்ளையின் தாள், இன்னொருவர் கையில் கீழ்ச்சாதி என்று சொல்லப்படும் பிள்ளையின் தாள்.

வித்தியாசம் வந்தது. பெரிதாக இல்லை, ஆனால் இருந்தது. அது எங்கே ஒளிந்திருக்கும் என்பதைத் தாள் திருத்தியவர்கள் யாரும் யூகிக்கலாம். விடை முழுக்கச் சரியென்றால் எவருக்கும் சரி போட்டுத்தான் ஆக வேண்டும். முழுக்கத் தப்பென்றால் சுழிதான். இடையில் நிற்கும் விடைதான் தராசு. வழிமுறை சரி, கடைசிக் கூட்டலில் பிசகு. ‘பையனுக்குத் தெரியும், கை தவறிட்டான்’ என்றால் நாலுக்கு மூன்று. ‘பக்கத்துல பாத்து எழுதியிருக்கான்’ என்றால் ஒன்று. இரண்டு வாக்கியமும் தாளில் இல்லை, திருத்துபவர் மனதில் இருப்பவை.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் எதிர்பாராதவை. ஒன்று, தாழ்த்தி மதிப்பெண் போட்ட போக்கு உயர்சாதி ஆசிரியர்களிடம் தென்படவில்லை. அதே கீழ்ச்சாதிப் பிரிவுகளிலிருந்து வந்த ஆசிரியர்களிடம்தான் தென்பட்டது. முன்முடிவு என்றால் வெறுப்பு என்று நினைப்பவர்களுக்கு இது இடிக்கும். தன் ஆட்களை ஒருவர் வெறுப்பாரா? வெறுக்க வேண்டியதில்லை. ஊர் பேசுவதையெல்லாம் கேட்டு வளர்ந்த காது எல்லோருக்கும் இருக்கிறது.

இன்னொன்று, இந்தச் சரிவு கட்டின் தொடக்கத்தில் திருத்திய தாள்களில்தான் இருந்தது. போகப் போகக் காணாமல் போனது. முதல் நாலைந்து தாளில் கேள்வி புதிது, எந்தத் தப்பு பெரிய தப்பு என்று பிடிபடவில்லை. கையில் அளவுகோல் இல்லாத அந்த நேரத்தில்தான் கண் முகப்பில் இருக்கும் பெயருக்குப் போகிறது. பத்துப் பதினைந்து தாள் பார்த்தபின் தாளே பேச ஆரம்பித்துவிடுகிறது. தகவல் குறைவாக இருக்கும் இடத்தில்தான் முன்முடிவு புகுந்து உட்காருகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மதிப்பிடப்படுபவரும் இதற்கு வெளியே இல்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பையன்களுக்குத் தாளில் அச்சிட்ட புதிர்வழிகளைக் கொடுத்து, தீர்த்ததற்கு ஏற்பக் காசு தந்தார்கள். யார் எந்தச் சாதி என்று சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறத்தாழச் சமமாகத் தீர்த்தார்கள். ஒவ்வொரு பையனின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் கூட்டத்தில் உரக்கப் படித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தபோது தலித் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. பையன் அதே பையன்தான்.

அறிவியல் ஆட்கள் மட்டும் யோக்கியம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஆற்றோடு மேற்கே போனால் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டி எடுத்த தாழிகளோடு மண்டையோடுகளும் கிடைத்தன. 1930-இல் அவற்றைப் பற்றி எழுதியவர் சாலி சக்கர்மன், பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர். அந்தக் காலத்து அறிஞர்களுக்கு மண்டையோட்டைக் கண்டால் முதல் கேள்வி ‘இது எந்த இனம்?’ பந்தியில் அண்ணாச்சி கேட்டதேதான், கையில் அளவுக்கருவியோடு. மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று ஹெர்பர்ட் ரிஸ்லி விதியே வகுத்தார். அதே வகை மூக்களவுகளைக் கையில் எடுத்த அம்பேத்கர், 1948-இல் வந்த தன் நூலில், ஒரு வட்டாரத்துப் பிராமணருக்கும் தீண்டப்படாதவராக வைக்கப்பட்டவருக்கும் அளவில் இன வேறுபாடு இல்லை என்று எடுத்துக்காட்டினார். மூக்கு மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறியது.

அடையாளம் இல்லாவிட்டால் உண்டாக்கியும் கொள்கிறோம். ஹென்றி தாஜ்ஃபெல், போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, போலந்துக்காரர் என்பதை மறைத்து உயிர் பிழைத்தவர். பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை அவர் இரண்டு குழுவாகப் பிரித்தார். காரணம் அற்பமானது: இன்னாருக்கு இந்த ஓவியரின் படம் பிடிக்கிறது. சக குழுவினர் யாரென்றுகூடத் தெரியாத நிலையிலும், காசைப் பங்கிடச் சொன்னபோது பையன்கள் தம் குழுவுக்கே கூடுதலாகத் தள்ளினார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் கட்டிவந்த வண்ணக் கயிறுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இங்கே காரணம் ஓவியரல்ல, பல நூற்றாண்டுக் கணக்கு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும். அதன் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறுக்குத் தடை ஒரு பரிந்துரை. தடை வேண்டியதுதான். ஆனால் கயிறு அறுந்தாலும் ‘எந்தத் தெரு?’ இருக்கிறது.

பிளஸ் டூ பொதுத்தேர்வில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. மாணவர் பெயர் இருக்கும் முகப்புத்தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, வெறும் எண்ணோடு விடைத்தாளைத் திருத்தும் முகாமுக்கு அனுப்புகிறார்கள். திருநகரிப் பிள்ளையின் தாள் யார் கையிலோ போகும், எந்தத் தெரு என்று தெரிய வழியில்லை. இது எழுத்துத் தேர்வோடு சரி. வேதியியலில் 70 மதிப்பெண் இப்படிப் போனால், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, இரண்டும் முகம் பார்த்துப் போடுபவை. அகமதிப்பீடு போடுபவருக்கு அந்தப் பிள்ளையின் அப்பா பெயர், தெரு, சாத்தா எல்லாம் தெரிந்திருக்கும். பள்ளியில் நடக்கும் மாதத் தேர்வுகளும் அப்படித்தான்.

அங்கே முகப்பைக் கிழிக்க முடியாது. ஆனால் விடைக்குறிப்பை முதலிலேயே எழுதி, எந்தப் பிசகுக்கு எத்தனை குறைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கட்டைப் பிரிக்கலாம். பத்துத் தாளைச் சும்மா புரட்டிப் பார்த்த பிறகு பேனாவை எடுக்கலாம். கட்டு முடிந்ததும், முதலில் திருத்திய நாலைந்து தாள்களை மட்டும் இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கலாம். கால்மணி நேரம் ஆகும்.