உடல்நலப் பாடமும் நம் வீடும்

சென்ற மார்கழியில் மெல்போர்ன் நகரிலிருந்து உறவினர் குடும்பமொன்று ஔந்திலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து பத்து நாட்கள் தங்கியிருந்தது. அவர்களுடைய மகள் பள்ளி இறுதி வகுப்பில் அடியெடுத்து வைக்கவிருப்பவள். அவள் எடுத்துக்கொண்டுள்ள பாடங்களுள் ஒன்றின் பெயர் 'உடல்நலமும் மனித வளர்ச்சியும்'. விக்டோரியா மாநிலத்துப் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் விரும்பியவர் கற்கும் தனிப்பாடம் அது. ஒரு நாட்டு மக்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் வாழ்கின்றனர், அந்நாட்டிலேயே பழங்குடியினர் ஏனையோரினும் முந்தி மடிவது எதனால், உணவும் வருவாயும் குடிநீரும் ஒருவருடைய ஆயுளை எவ்வாறு கூட்டுகின்றன, குறைக்கின்றன என்பனவற்றையெல்லாம் அதில் கற்பிக்கின்றனராம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இதைக் கேட்டுவிட்டு, "நமக்கு மட்டும் ஏனம்மா இப்படி ஒரு பாடம் இல்லை?" என்றாள்.

இல்லை என்று சொல்வதற்கில்லை. சிதறிக் கிடக்கிறது என்பதே உண்மை. மகாராஷ்டிர மாநிலப் பாடநூல்களை ஆக்கும் பாலபாரதி நிறுவனம் 1967-ஆம் ஆண்டு தொடங்கி நம் புனே நகரிலேயே இயங்கி வருகிறது. 2018-இல் வெளிவந்த அதன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இரண்டாம் பகுதியில் இனப்பெருக்கம் பற்றி ஓர் அத்தியாயமும், 'சமூக ஆரோக்கியம்' என்ற தலைப்பில் வேறோர் அத்தியாயமும் உள்ளன. மத்தியக் கல்வி வாரியத்தின் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவோரும் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலைப் புரட்டினால் இனப்பெருக்கப் பாடத்தைக் காணலாம். ஆயினும் இவையெல்லாம் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்யப்பெற்று, தேர்வு முடிந்த மறுநாளே மறக்கப்படுகின்றன. சினைப்பையின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தன் உடலில் நிகழும் மாற்றத்தைத் தாயிடம் எடுத்துரைக்கச் சொல் கிடைப்பதில்லை.

இங்கேதான் பிறமாநிலத்தில் வாழும் நமக்கென்று தனியான ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. பிள்ளை கற்பது ஆங்கிலத்தில். தோழியருடன் பேசுவது மராத்தியிலும் இந்தியிலும். தாய்க்கும் பாட்டிக்கும் தெரிந்தவை தமிழ்ச் சொற்கள். தலைவலி, காய்ச்சல் வரையில் இரு தரப்பாருக்கும் பொதுவான மொழி உண்டு. அதற்கப்பால் மௌனந்தான்.

இம்மௌனம் புதிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பூப்பெய்தியபோது திருநெல்வேலியில் பந்தலிட்டார்கள். மாமன் சீர் வந்தது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாள் தவறாமல் ஊட்டினார்கள். ஊருக்கெல்லாம் அறிவித்த செய்தியின் பொருள் என்னவென்று எனக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை. பள்ளிகளின் வரலாறும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த குமரப் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம் உள்ளிட்ட சில மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. இத்தனைக்கும், பெண் கல்விக்காகப் புனேயில் உழைத்த தோண்டோ கேசவ கார்வேயின் மகன் ரகுநாத் கார்வே, 1927 முதல் 1953 வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழில் இவற்றையே அஞ்சாது எழுதிவந்த மாநிலம் இது. அதற்காக அவர் நீதிமன்றம் ஏறவும் நேர்ந்தது. 1934-இல் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர்.

இனி, தயக்கமின்றி எல்லோரும் பேசக்கூடிய பகுதிக்கு வருவோம், அஃது உணவு. பள்ளிப் பிள்ளைகளுக்கென இந்நாட்டில் எழுந்த உணவு நூல்களுள் குறிப்பிடத்தக்க ஒன்று நம் நீலகிரியில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். குன்னூரில் 1918-இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், 1928-இல் இந்தியப் பள்ளிகளும் கல்லூரிகளும் பயன்படுத்தும் பொருட்டு 'உணவு' என்னும் சிறு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய ஆராய்ச்சிக்கூடமே 1958-இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

அவர் நடத்திய சோதனையொன்று ஔந்திலிருக்கும் தமிழரைச் சற்றே நாணச் செய்யும். ஒரே வயதுடைய எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உண்ணும் உணவு, ஒன்றிற்குப் பட்டாணியர் உணவு, ஒன்றிற்கு மராட்டியர் உணவு. இவ்வாறே கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் உணவுகளும் ஏனைய கூட்டங்களுக்கு அளிக்கப்பட்டன. முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ட சீக்கியக் கூட்டத்து எலிகள் எடையில் முதலிடம் பெற்றன. மராட்டியர் உணவு மூன்றாம் இடத்தில் நின்றது. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை உணவுதான் கடைசி.

எலிகள் நம் பிள்ளைகள் அல்ல என்று வாதிடலாம், அது சரியே. சென்னை மாகாணத்தார் எல்லோரும் ஒரே உணவை உண்டவர்களும் அல்லர். கோவில்பட்டிக் கரிசலிலும் கொங்கு நாட்டு மேட்டு நிலத்திலும் நம் பாட்டன்மார் கம்பும் சோளமும் கேழ்வரகும் உண்டே ஏர் பிடித்தனர். மக்காரிசனின் எலிகள் தோற்றது அரிசியால் மட்டுமன்று. அதன் தவிட்டை நீக்கியதாலும், பாலும் கீரையும் பருப்பும் குறைந்ததாலுமே தோற்றன.

இந்தப் பாடம் இன்றைக்கும் தேவைதானா என்று ஐயுறுவோருக்கு ஓர் எண்ணிக்கை போதும். 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையோர். ஆண்பிள்ளைகளிலும் 31 பேர். உடல் மளமளவென்று வளரும் பருவத்தில் இரத்தமும் பெருகியாக வேண்டும். அதற்கு இரும்புச் சத்து மிகுதியாகத் தேவை. பெண்களுக்கோ மாதந்தோறும் இழப்பும் உண்டு. சோர்வாக இருக்கிறது, படிப்பில் மனம் செல்லவில்லை என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். என் மகளையும் நான் அவ்வாறே கடிந்தேன். பிறகு ஔந்த் மாவட்ட மருத்துவமனையில் இரத்தம் சோதித்தபோதுதான் என் பிழை புலப்பட்டது. மருத்துவர் மாத்திரை தந்ததோடு நில்லாமல், உணவு உண்டவுடன் காப்பி அருந்தும் வழக்கம் உண்டா என்று வினவினார். காப்பியும் தேநீரும் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதவாறு தடுக்குமாம். எலுமிச்சைச் சாறோ அதை ஏற்கத் துணைபுரியுமாம். இத்தனை ஆண்டுகள் உணவு மேசையிலேயே டவரா தம்ளரை வைத்துப் பழகிய வீடு எங்களுடையது.

அன்று முதல் மகளின் அறிவியல் நூலை வாரம் ஒரு நாள் அடுக்களையிலேயே வைத்துப் படிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், கேழ்வரகு இங்கே கிடைப்பதில்லை என்று என் மாமியார் பல ஆண்டுகளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பரிஹார் சௌக் பக்கத்து மளிகைக் கடையில் மூட்டை மூட்டையாக இருந்த நாச்சணியே கேழ்வரகு என்பதும், பாஜ்ரி என்பது கம்பு, ஜ்வாரி என்பது சோளம் என்பதும் எங்களுக்கு மெல்லத்தான் விளங்கின. அண்டை வீட்டு மராத்தியம்மாள் நாள்தோறும் தட்டும் பாக்ரி, நம் முன்னோர் விட்டுவிட்ட அதே தானியந்தான்! இப்போது வாரத்தில் இரு நாட்கள் அவரிடம் கற்ற பாக்ரியும் வெந்தயக்கீரையும் எங்கள் வீட்டில் உண்டு. மகனுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே உண்கிறான்.

மற்றொரு பாடமும் தொடங்கியிருக்கிறது. சென்ற வாரம் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த பாட்டியிடம் மகள் தன் நூலிலுள்ள படத்தைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன, அதற்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாமியார் முதலில் திகைத்து என்னைப் பார்த்தார். நான் காய் நறுக்குவதில் முனைந்திருந்தேன். பின்னர் தாழ்ந்த குரலில் கருப்பை என்றார், சினை என்றார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அந்தச் சொற்களையெல்லாம் மகள் பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள்.